பெட்ரோல் தொலையியக்கக் கார்

பெட்ரோல் தொலையியக்கக் கார் என்பது சிறிய பெட்ரோல் எந்திரத்தால் ஓடுவதும், வானலைக் கருவியால் தொலைவிலிருந்து இயக்கப்படுவதுமான மாதிரி ஊர்தி ஆகும். பேச்சு வழக்கில் இது பெட்ரோல் ரிமோட் கார் எனப்படுகிறது. உண்மையான காரின் ஐந்தில் ஒரு பங்கு அல்லது ஆறில் ஒரு பங்கு அளவில் செய்யப்படுபவை பெரிய அளவு வகையைச் சேர்ந்தவை. இவ்வகைக் கார் ஏறத்தாழ 80 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட நீளமும், 10 முதல் 20 கி.கி. வரை எடையும் கொண்டது. மணிக்கு 60 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடக்கூடியது.

இவ்வகைக் காரின் எந்திரம் பழுதடைவதற்குப் பெரும்பாலும் காரணமாக அமைவன இரண்டு: காற்றோடு உட்புகும் புழுதி, பிழையான எரிபொருள் கலவை. எனவே தொடக்கநிலையாளர் முதலில் கற்க வேண்டியது பராமரிப்பே ஆகும். வேகத்தைக் கூட்டும் பாகங்கள் அதன் பின்னரே வருகின்றன.

எந்திரத்தின் தோற்றம்

சிறிய அளவு மாதிரிக் கார்கள் பல மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த தனி எரிபொருளில் ஓடுகின்றன. அந்த எரிபொருள் பெட்ரோல் நிலையங்களில் கிடைப்பதில்லை. பெரிய அளவுக் கார்களோ வழக்கமான பெட்ரோலில் இருவீச்சு எண்ணெயைக் கலந்து ஓடுகின்றன.

இக்கார்களின் எந்திரம் புதர் வெட்டும் கருவி, மரம் அறுக்கும் சங்கிலி வாள் போன்ற தோட்டக் கருவிகளின் எந்திரத்திலிருந்து உருவானது. காற்றால் குளிரும் ஒற்றை உருளை இருவீச்சு எந்திரமான இதன் கொள்ளளவு பெரும்பாலும் 23 முதல் 32 சிசி வரை இருக்கும். ஜப்பானின் செனோவா நிறுவனத்தின் எந்திரங்கள் இத்துறையில் புகழ் பெற்றவை. தோட்டக் கருவிகள் செய்யும் இந்நிறுவனத்தை 2007 ஆம் ஆண்டில் சுவீடனின் அசுக்குவர்ணா நிறுவனம் வாங்கியது. செருமனியின் எஃப்.ஜி., எச்.பி.ஐ. நிறுவனத்தின் பாஹா வரிசை, லோசி நிறுவனத்தின் ஃபைவ்-டி ஆகியவை பெரிய அளவுக் கார்களுள் பரவலாக அறியப்பட்டவை.

தருமபுரி மாவட்டமும் இருவீச்சு எந்திரமும்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் இதிலிருந்து பிரியும் வரை ஓசூரும் இம்மாவட்டத்திலேயே இருந்தது. 1980 ஆம் ஆண்டில் வெளிவந்த டி.வி.எஸ். 50 என்னும் இருவீச்சு மொபெட் ஓசூர்த் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றும் இந்த வண்டியும் இதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டிகளும் ஊர்ப்புறங்களில் நெடுங்காலம் சுமை இழுத்தன. 2015 ஆம் ஆண்டில் நான்குவீச்சு எந்திரம் கொண்ட எக்ஸ்.எல். 100 வெளிவந்த பின்னர் அவற்றின் இடத்தை அது பிடித்தது.

மொபெட் மாறினாலும் இருவீச்சு எந்திரம் வயலை விட்டு நீங்கவில்லை. முதுகில் சுமக்கும் விசைத்தெளிப்பான்கள், புதர் வெட்டும் கருவிகள் ஆகியவற்றுள் பலவற்றில் அதுவே இயங்குகிறது. இவற்றைப் பழுது பார்க்கும் ஒருவருக்குப் பெட்ரோல் தொலையியக்கக் காரின் எந்திரம் புதியதன்று. கார்புரேட்டர் சவ்வு, பெட்ரோல் குழாய், இழுகயிறு, ஸ்பார்க் பிளக் ஆகியவை இரண்டிலும் ஒரே முறையில் வேலை செய்கின்றன. ஆயினும் காரின் எந்திரம் தரையை ஒட்டி, தன் சக்கரங்களே கிளப்பும் புழுதிக்குள் ஓடுகிறது; நிமிடத்திற்கு 15,000 சுற்றுகளுக்கும் மேல் சுழல்கிறது. எனவே வயற்கருவியைக் காட்டிலும் இதற்கு அடிக்கடி கவனிப்புத் தேவை.

எரிபொருள் கலவை

இருவீச்சு எந்திரத்தில் தனி எண்ணெய்த் தொட்டி இல்லை. பிஸ்டனுக்கும் தாங்கிகளுக்கும் வேண்டிய எண்ணெய் பெட்ரோலுடன் கலந்தே செல்கிறது. பெரிய அளவுக் கார்களுக்குப் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் விகிதம் 25:1 ஆகும். இதன்படி 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. எண்ணெயும், 5 லிட்டருக்கு 200 மி.லி. எண்ணெயும் சேர்க்க வேண்டும். எந்திரத்தின் கையேடு 32:1 எனக் கூறினால் 1 லிட்டருக்கு ஏறத்தாழ 31 மி.லி. போதும். அளவுக் குவளையின்றிக் கண்மதிப்பில் ஊற்றுதல் கூடாது.

காற்றால் குளிரும் எந்திரத்திற்குரிய, ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. தரக்குறியீடு கொண்ட இருவீச்சு எண்ணெய் ஏற்றது. நான்குவீச்சு வண்டிகளின் எந்திர எண்ணெயைக் கலத்தல் தவறு. நீரால் குளிரும் படகு எந்திரங்களுக்கான எண்ணெயும் பொருந்தாது.

இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கி, 2025 ஆம் ஆண்டிற்குள் நாடெங்கும் பரவியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. கலவை நீண்ட நாள் தேங்கினால் கார்புரேட்டரின் சவ்வு விறைப்படையும். தரமற்ற பெட்ரோல் குழாய் ஊதிப் பின்னர் வெடிக்கும். மேலும் எத்தனாலில் ஆக்சிசன் இருப்பதால் கலவை சற்று மெலிகிறது. ஆகவே,

• ஓரிரு வாரங்களுக்குத் தேவையான அளவு மட்டுமே கலந்து வைத்தல் வேண்டும்.
• ஓட்டம் முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, எந்திரம் தானே நிற்கும் வரை சும்மா ஓட விடுதல் வேண்டும்.
• பெட்ரோல் குழாயையும் தொட்டிக்குள் உள்ள வடிகட்டியையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மாற்றுதல் நன்று.

காற்று வடிகட்டி

தருமபுரி மாவட்டத்தின் செம்மண் நிலங்களில் கோடைக்காலப் புழுதி மிக நுண்ணியது. அது வடிகட்டியைத் தாண்டினால் பிஸ்டன் வளையத்தையும் உருளைச் சுவரையும் உப்புத்தாள் போல் தேய்த்துவிடும். அழுத்தம் குறைந்து, இழுகயிற்றை எளிதாக இழுக்க முடிவதும், சூடான எந்திரம் மீண்டும் கிளம்ப மறுப்பதும் இதன் அறிகுறிகள்.

பெரும்பாலான கார்களில் ஈரடுக்கு நுரை வடிகட்டி உள்ளது. நுரை உலர்ந்திருந்தால் நுண்புழுதியைத் தடுக்காது; அதற்குரிய எண்ணெயில் நனைந்திருக்க வேண்டும். புழுதி நிலத்தில் இரண்டு அல்லது மூன்று தொட்டி ஓட்டத்திற்கு ஒரு முறை நுரையைக் கழற்றி, சோப்பு நீரில் அலசி, நிழலில் முழுவதும் உலர்த்த வேண்டும். பின்னர் எண்ணெய் இட்டுப் பிசைந்து, மிகுதியைப் பிழிந்து விட வேண்டும். வடிகட்டியைக் கழற்றும்போது கார்புரேட்டரின் வாயைத் தூய துணியால் அடைத்தல் இன்றியமையாதது. மாற்று நுரை ஒன்றைக் கைவசம் வைத்திருப்போர் ஈர நுரையோடு அவசரப்பட்டு ஓட்ட வேண்டியதில்லை.

புது எந்திரத்தைப் பழக்குதல்

புது எந்திரத்தின் பிஸ்டன் வளையம் உருளைச் சுவரோடு இசைவதற்குச் சில தொட்டி ஓட்டம் தேவை. முதல் மூன்று அல்லது நான்கு தொட்டிகளுக்குக் கலவை சற்றுச் செறிவாக இருக்க வேண்டும். நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓட்டாமல், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும். ஒரே வேகத்தில் சும்மா ஓட விடுவதும் நல்லதன்று. முதல் தொட்டி முடிந்தவுடன், எந்திரம் ஆறிய பின்னர், எல்லாத் திருகாணிகளையும் சரிபார்க்க வேண்டும்.

கார்புரேட்டரைச் சீரமைத்தல்

இக்கார்களில் வால்புரோ வகைச் சவ்வுக் கார்புரேட்டர் பொதுவாகக் காணப்படும். இதில் எல், எச் என்னும் குறிகளிட்ட இரு ஊசித் திருகுகள் உள்ளன. எல் ஊசி குறைந்த வேகத்திலும், எச் ஊசி உயர்ந்த வேகத்திலும் செல்லும் எரிபொருளை வரையறுக்கின்றன. மூன்றாவது திருகு சும்மா ஓடும் வேகத்தை அமைப்பது. ஊசியை வலப்புறம் திருகினால் கலவை மெலியும். இடப்புறம் திருகினால் செறிவாகும். மெதுவாக முழுதும் மூடிப் பின்னர் ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று வரை திறப்பது பொதுவான தொடக்க நிலை ஆகும். துல்லியமான அளவைக் கையேட்டில் காண வேண்டும். அதன் பின்னர் ஒரு நேரத்தில் எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் மாற்றுதல் கூடாது.

முழு வேகத்தில் சிறிது தொலைவு ஓட்டி, உடனே நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கலவையின் நிலை தெரியும்.

• வெளிர் பழுப்பு: கலவை சரி.
• கறுப்பு, ஈரம்: செறிவு மிகுதி. புகையும் கரியும் மிகும். எந்திரத்திற்கு உடனடிக் கேடு இல்லை.
• வெண்மை: மெலிவு. எண்ணெயும் குறைவாகச் செல்வதால் பிஸ்டன் சூடேறிப் பற்றிக்கொள்ளும்.

தொடக்கநிலையாளர் ஐயம் எழும்போது செறிவின் பக்கமே நிற்றல் வேண்டும். மெலிந்த கலவையில் கார் சிறிது நேரம் மிக வேகமாக ஓடுவதால், பலர் அதைச் சரியான அமைப்பு என மயங்குகின்றனர்.

காற்றின் அடர்த்தி மாறினால் அமைப்பும் மாற வேண்டும். ஏறத்தாழ 1000 மீட்டர் உயரமுள்ள வத்தல்மலையில் காற்று சமவெளியைவிட மெல்லியது. அங்கே சரியாக அமைத்த காரைக் கீழே கொண்டுவந்து ஓட்டினால் கலவை மெலிந்து போகும். கோடை நண்பகலில் அமைத்ததை மார்கழி அதிகாலையில் ஓட்டுவதும் அவ்வாறே. இரு நிலைகளிலும் எச் ஊசியைச் சிறிது திறந்து, மீண்டும் சோதிக்க வேண்டும்.

வேகத்தைக் குறைத்த பின்னும் எந்திரம் உயர்ந்த சுழற்சியிலேயே நின்றால் ஊசியைத் திருகுவது பயன் தராது. கார்புரேட்டருக்கும் உருளைக்கும் இடைப்பட்ட அடைப்புத் தாள் கிழிந்து காற்று உட்புகுவதே பெரும்பாலும் அதன் காரணம்.

வழமையான பராமரிப்பு

ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும்: குளிர்விக்கும் துடுப்புகளிலும் விசிறியின் வாயிலும் அடைந்த மண்ணைத் தூரிகையால் அகற்றுதல், எந்திரத் தாங்கி, புகைபோக்கி, சக்கரம் ஆகியவற்றின் திருகாணிகளை இறுக்குதல், பற்சக்கரங்களில் பல் உடைந்துள்ளதா எனக் காணுதல்.

ஐந்து தொட்டிகளுக்கு ஒரு முறை: ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியை 0.6 முதல் 0.7 மி.மீ. வரை உள்ளதா என அளத்தல்; கிளட்ச் கட்டைகளின் தேய்மானத்தைப் பார்த்தல்; சக்கரத் தாங்கிகளைச் சுழற்றிக் கரகரப்பு உள்ளதா எனச் சோதித்தல்.

ஆண்டுக்கு ஒரு முறை: கார்புரேட்டரின் சவ்வுகளை மாற்றுதல், புகைபோக்கியில் படிந்த கரியை நீக்குதல், அதிர்வு தணிப்பான்களின் எண்ணெயையும் பல்லிணைப் பெட்டியின் மசகையும் புதுப்பித்தல்.

உலோகத்தில் இறங்கும் திருகாணிகளுக்குக் கழற்றக்கூடிய நீல நிற மரைப்பசை இடுதல் வழக்கம். பிளாஸ்டிக்கில் இறங்குபவற்றுக்கு அதை இடுதல் கூடாது, பிளாஸ்டிக் வெடித்துவிடும்.

மேம்படுத்தும் வரிசை

1. நிறுத்து விசை: வானலைத் தொடர்பு அறுந்தாலோ மின்கலம் தீர்ந்தாலோ தீப்பொறியைத் துண்டித்து எந்திரத்தை நிறுத்தும் சிறு மின்னணுக் கருவி இது. முதலில் வாங்க வேண்டியது இதுவே.
2. வடிகட்டியின் மேலுறை: நுரைக்கு மேல் அணியும் துணியுறை. விலை குறைவு, எந்திரத்தின் ஆயுளை நீட்டும்.
3. திசைதிருப்பும் செர்வோவும் மின்கலமும்: கனமான சக்கரங்களைத் திருப்ப வலுவான செர்வோ வேண்டும். அதற்கு ஈடு கொடுக்கும் மின்கலம் இல்லையெனில் பெறுகருவி ஓட்டத்தின் நடுவே செயலிழக்கும்.
4. தேயும் பாகங்கள்: வலுவான பற்சக்கரம், கிளட்ச் மணி, தரமான தாங்கிகள். ஒரு பாகத்தை உலோகமாக மாற்றினால் அடி அடுத்த பாகத்திற்குச் செல்லும் என்பதால், எல்லாவற்றையும் உலோகமாக்குதல் நன்மை தராது.
5. பல் விகிதம்: 17 பல் சிறு சக்கரமும் 57 பல் பெருஞ்சக்கரமும் 3.35 என்னும் விகிதம் தரும். அவற்றை 19, 55 என மாற்றினால் விகிதம் 2.89 ஆகும். உச்ச வேகம் கூடும். கிளம்பும் இழுவை குறைந்து கிளட்ச் சூடேறும். மேடுபள்ளமான நிலத்திற்கு முதல் அமைப்பே ஏற்றது.
6. புகைபோக்கியும் பெரிய உருளையும்: ஒத்ததிர்வுப் புகைபோக்கி எந்திரத்தின் திறனைத் தெளிவாக உயர்த்தும். இதைப் பொருத்திய பின் கார்புரேட்டரை மீண்டும் அமைக்காவிடில் கலவை மெலிந்து எந்திரம் பற்றிக்கொள்ளும். பிளக்கின் நிறத்தைப் படிக்கத் தெரிந்த பின்னரே இப்படிக்குச் செல்லுதல் தகும்.

பாதுகாப்பும் விதிகளும்

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் 15 கி.கி. எடையுள்ள கார் மோதுவது, அதே எடையை ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடி உயரத்திலிருந்து, கீழே போடுவதற்கு ஈடாகும். ஆகவே இதை விளையாட்டுப் பொருளாகக் கருதிக் குழந்தைகளிடம் தருதல் கூடாது. பொதுச் சாலை, தெரு, ஆடுமாடு மேயும் இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். உரிமையாளரின் இசைவு பெற்ற திறந்த நிலம் ஏற்றது. பார்ப்போர் ஓட்டுநரின் பின்னால் நிற்க வேண்டும். காய்ந்த புல்லில் சூடான புகைபோக்கி தீ மூட்டக்கூடும்.

எந்திரத்தைக் கிளப்புமுன் கைக்கருவியை முதலிலும் காரிலுள்ள பெறுகருவியைப் பின்னரும் இயக்க வேண்டும். நிறுத்தும்போது வரிசை தலைகீழாகும். பெட்ரோலை எந்திரம் ஆறிய பின்னரே ஊற்ற வேண்டும். குடிநீர்ப் புட்டியில் கலவையை வைத்தல் உயிருக்கே கேடாக முடியலாம்.

இன்றைய கைக்கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஎர்ட்சு அலைவரிசையில் இயங்குகின்றன. 2.4 முதல் 2.4835 கிகாஎர்ட்சு வரையிலான பட்டையில் குறைந்த திறன் கொண்ட கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று இந்திய அரசு 2005 ஆம் ஆண்டில் விதி வகுத்தது.

இவற்றையும் பார்க்கவும்

• இருவீச்சு எந்திரம்
• கார்புரேட்டர்
• விசைத்தெளிப்பான்
• தருமபுரி மாவட்டம்