கையொப்பம் கேட்கும் தாள்கள்

அமெரிக்காவில் வாழும் என் மருமகள் முறைப் பெண் ஒருத்தி அண்மையில் தொலைபேசியில் அழைத்தாள். ஓட்டிசம் உள்ள மகனுக்குப் பாடசாலை தயாரித்த இவ்வாண்டுக்கான தனியாள் கல்வித் திட்டம், அதாவது ஐ.ஈ.பி., கைக்கு வந்திருக்கிறது. பக்கம் பக்கமாக ஆங்கிலம்.

"கையெழுத்து வைக்கச் சொல்லுகினம் மாமா, வைக்கட்டோ?"

அந்தத் தாள்கள் பிறந்த கதையை அவளுக்குச் சொன்னேன்.

ஒரு காலத்தில் பென்சில்வேனியா மாநிலச் சட்டம், ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சியை எட்டாத பிள்ளையைச் சேர்க்க மறுக்கும் அதிகாரத்தைப் பாடசாலைகளுக்கு வழங்கியிருந்தது. 1971இல் பெற்றோர் சங்கமொன்று வழக்குத் தொடுத்து அக்கதவைத் திறந்தது. 1972இல் வாஷிங்டனில் மில்ஸ் வழக்கு. பணமில்லை என்று கல்விச் சபை கைவிரித்தது. (இந்தப் பதிலைக் கேட்காத நாடு எது?) பணம் போதாதெனில், அந்தப் போதாமையின் பாரத்தை இயலாமையுள்ள பிள்ளையின் தலையில் கூடுதலாக ஏற்றலாகாது என்பதே நீதிபதி ஜோசப் வாடி அளித்த தீர்ப்பின் சாரம்.

இவ்விரு வழக்குகளின் தடத்திலேயே 1975இன் சட்டம் வந்தது. பத்து இலட்சம் பிள்ளைகள் பொதுப் பாடசாலைகளுக்கு வெளியே முற்றாக நிறுத்தப்பட்டிருப்பதாகக் காங்கிரஸ் அச்சட்டத்திலேயே பதிவு செய்தது. நவம்பர் 29ஆம் திகதி ஒப்பமிட்ட ஜனாதிபதி ஜெரல்ட் போர்ட், கொடுக்க இயலாததை இது வாக்களிக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. மாணவர் ஒருவருக்கான சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை சமஷ்டி அரசு ஏற்கும் என்ற ஏற்பாடு இன்றுவரை முழுமையாக நிறைவேறவில்லை.

எவ்வளவு கல்வி போதும் என்பதே அடுத்த வழக்கு. செவிப்புலனற்ற சிறுமி ஏமி ரௌலிக்குச் சைகைமொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று பெற்றோர் கேட்டனர். அவள் வகுப்பேறிக்கொண்டுதானே இருக்கிறாள் என்று கூறி, 1982இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. என் பார்வையில் அது கருமித்தனமான தீர்ப்பு. 35 ஆண்டுகளின் பின், 2017இல், ஓட்டிசம் உள்ள என்ட்ரூ என்ற சிறுவனின் வழக்கில் அதே நீதிமன்றம் ஒருமனதாக அளவுகோலை உயர்த்தியது. ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே இலக்குகள் அவனுக்கு எழுதப்பட்டு வந்தன. பெயரளவு முன்னேற்றம் போதாது, பிள்ளையின் நிலைக்கேற்ற உயர்ந்த இலக்கு வேண்டும் என்றது நீதிமன்றம்.

ஆகவே பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில. கூட்டத்திலேயே ஒப்பமிடும்படி சமஷ்டிச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசிக்கலாம். முதன்முறை சேவை தொடங்க எழுத்துமூல இணக்கம் அவசியம். பின்வரும் ஆண்டுகளில் நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பேசாமல் இருந்தால் திட்டம் நின்றுவிடும் என்று எண்ணலாகாது, ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் பேசப்படுவது பெற்றோருக்கு விளங்குவதை உறுதிசெய்வது பாடசாலையின் கடமை என்பதால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். விசாரணைக்குப் போனால், 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, நிரூபிக்கும் பொறுப்பு பொதுவாக முறையிடுபவருடையது. ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்தச் சொல்வது அதனால்தான்.

சென்ற ஆண்டுத் திட்டத்தையும் பக்கத்தில் வைத்து வாசிக்கும்படி அவளிடம் சொன்னேன். மறுநாள் அழைத்தாள். மூன்று இலக்குகள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தனவாம். மறுகூட்டம் கேட்டுப் பாடசாலைக்கு எழுதியிருக்கிறாள்.