பாலையில் ஓர் எளிய வழி

பண்டைத் தமிழர் பாலையைக் கொடிய வழியாகவே கண்டனர். நீரற்ற சுனையும், நிழலற்ற மரமும், ஆறலை கள்வரும் அந்நிலத்தின் அடையாளங்கள். அத்தகைய நிலத்தில் இன்று ஒரு தாய் தன் சிறு மகவைக் கைப்பிடித்து அச்சமின்றி நடந்து வரலாம் என்றால், அவ்வெளிமை எவ்வாறு வந்தது என்று வினவுவது வரலாறு பயில்வோர் கடன்.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஜோசுவா மரத் தேசியப் பூங்காவில் அத்தகைய பாதை ஒன்று உண்டு. பார்க்கர் அணைப் பாதை என்பது அதன் பெயர். ஒரு மைலுக்குச் சற்றே மிகுந்த அந்தச் சுற்றுவழியைச் சிறுவரும் முதியவரும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நடந்து முடிப்பர். ஆண்டுக்கு நான்கைந்து அங்குலமே மழை பெறும் பகுதியில், பாறைகளுக்கிடையே மழைநீர் தேக்கிய அணை ஒன்றை அவ்வழியில் காணலாம்.

அப்பாறைகளுக்கு முதலில் உரியவர் செரானோ, செமஹுவேவி, கவீயா முதலிய தொல்குடியினர். நீர் எங்கே ஊறும், எந்தக் காய் எப்போது முதிரும் என்பதை அறிந்து, பருவத்திற்கேற்ப இடம் பெயர்ந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். தானியமும் விதையும் அரைத்த குழிகளும், பாறையில் செதுக்கிய உருவங்களும் அவர்தம் வாழ்வுக்குச் சான்று பகர்கின்றன.

1870-களில் மாடு மேய்ப்போர் புகுந்தனர். 1900-ஆம் ஆண்டையொட்டிப் பார்க்கர், ஷே என்னும் கால்நடை உரிமையாளர் இருவர் தம் மந்தைகளுக்காக இவ்வணையை எழுப்பினர். பின்னர் 1910-இல் அப்பகுதிக்கு வந்த வில்லியம் கீஸ் என்பவர், பாலையிலேயே பண்ணை அமைத்து, மனைவி மக்களோடு வாழ்ந்தார். பிள்ளைகள் கல்வி கற்க அங்கேயே பள்ளிக்கூடமும் எழுந்தது. வழியுரிமை பற்றிய பூசலில் 1943-இல் அண்டை நிலத்தார் ஒருவரைச் சுட்டுக் கொன்றதற்காக அவர் சிறை சென்றார். தற்காப்புக்காகவே சுட்டதாக அவர் கூறி வந்தார். துப்பறியும் கதையாசிரியர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் முயற்சியால் 1956-இல் அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. அதற்கு முன்பே விடுதலை பெற்றிருந்த அவர், 1949-50-இல் தம் குடும்பத்தாருடன் அணையை மேலும் உயர்த்திக் கட்டினார். இன்று குழந்தைகள் ஓடி விளையாடும் நிலத்தில் அன்று ஒரு வழிக்காக உயிரே போயிற்று என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இந்நிலம் பொதுவுடைமையானதும் தானே நிகழ்ந்ததன்று. மினர்வா ஹோய்ட் என்னும் பெண்மணி, அணிவகுப்பாகப் பாலைச் செடிகள் பிடுங்கிச் செல்லப்படுவதையும் மரங்கள் எரிக்கப்படுவதையும் கண்டு வருந்தினார். நியூயார்க், பாஸ்டன், லண்டன் ஆகிய நகரங்களில் பாலைத் தாவரக் கண்காட்சிகள் நடத்தினார். பயனற்ற வெளி எனப் பலர் எண்ணிய நிலத்தின் அழகை இவ்வாறு நகரத்தார் கண்முன் வைத்தார். அவரது இடையறா முயற்சியின் பயனாக, 1936 ஆகஸ்டு 10-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 825,000 ஏக்கர் பரப்பைத் தேசியச் சின்னமாக அறிவித்தார். ஆயினும் 1950-இல் சுரங்கத் தொழிலார் நலன் கருதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீக்கப்பட்டது. 1994-இல் எல்லை மீண்டும் விரிவுற்று, அது தேசியப் பூங்காவாயிற்று.

இவ்வெளிமைக்கு ஒரு மறுபுறமும் உண்டு. பாதை எளிதாயின் நல்லோரும் வருவர், பொறுப்பற்றோரும் வருவர். வழியோரப் பாறையில் தொல்குடியினர் செதுக்கிய உருவங்கள் மீது பிற்காலத்தார் வண்ணம் பூசிவிட்டனர். பல தலைமுறை வெயிலும் காற்றும் அழிக்காதவற்றின் இயல்பை மனிதர் கை கெடுத்தது. கல்லாக நின்ற ஆவணம் அது. பூசிய பின் அதனைப் பழைய நிலைக்குக் கொணர்தல் அரிது.

மாட்டுக்கெனத் தேக்கிய நீரை இன்று பெருங்கொம்புக் காட்டு ஆடுகளும் பறவைகளும் பருகுகின்றன. மழை பொய்த்த காலத்தில் அணை வறண்டும் கிடக்கும். ஒரு மணி நேரத்தில் கடக்கும் அச்சிறு வழியில் தொல்குடியினர் அறிவும், உழைப்பாளர் வியர்வையும், ஒரு பெண்மணியின் விடாமுயற்சியும் படிந்துள்ளன. மாணவரை இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், தொலைவைக் கூறுவதோடு அமையாது, அவ்வழி யாருடையதாக இருந்தது, யாரால் பொதுவாயிற்று என்பதையும் எடுத்துரைத்தல் வேண்டும். அங்ஙனம் கேட்டு நடந்த பிள்ளை பாறையில் வண்ணம் பூசக் கை நீட்டாது.