பௌர்ணமி இரவும் பாதித் தூக்கமும்: உறக்கம் பற்றிய வியப்பூட்டும் சில உண்மைகள்

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு வந்துவிட்டால் ஊர் கண் மூடுவதில்லை. மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையில் விடிய விடிய மக்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். அவர்களுக்காக டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், ஓட்டல் தொழிலாளி, பஸ் டிரைவர் என்று இன்னொரு கூட்டமும் விழித்திருக்கும். அதில் நம் சமுதாயச் சகோதரர்களும் உண்டு. பிறை 13, 14, 15-ல் நோன்பு வைக்கும் வீடுகளில் ஏறக்குறைய அதே நாட்களில் ஸஹருக்கும் எழ வேண்டியிருக்கும். மறுநாள் கண் எரிச்சலோடு கடை திறக்கும்போது, "ஒரு நாள் தூக்கம்தானே போயிற்று" என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம். தூக்கம் அவ்வளவு லேசான விஷயம் இல்லை.

முதலில் நிலாவைப் பற்றி. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வகத்தில் 33 பேரின் தூக்கத்தைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அந்தப் பதிவுகளைப் பின்னர் பிறைக் கணக்கோடு ஒப்பிட்டு 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அவர்கள் சராசரியாக 20 நிமிடம் குறைவாகத் தூங்கியிருந்தார்கள். ஆழ்ந்த தூக்கத்திற்குரிய மூளை அலைகள் 30 சதவீதம் குறைந்திருந்தன. இத்தனைக்கும் அவர்கள் படுத்திருந்த இடத்தில் நிலவொளியே விழாது! அர்ஜென்டினாவின் பழங்குடி மக்களிடம் செய்து 2021-ல் வெளியான ஆய்வும், பௌர்ணமிக்கு முந்தைய இரவுகளில் அவர்கள் தாமதமாகப் படுத்து, குறைவாகத் தூங்குவதாகச் சொன்னது. நிலாவுக்கும் தூக்கத்துக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு கண்ட ஆய்வுகளும் உள்ளன. ஆகவே இதை உறுதியான உண்மை என்று வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம்.

நமக்கு இதைவிட முக்கியமான ஆய்வு பக்கத்திலேயே, சென்னையில் நடந்திருக்கிறது. குறைந்த வருமானம் உள்ள 452 பேருக்கு ஒரு மாத காலம் கணினியில் தட்டச்சு வேலை கொடுத்து, மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டி, அவர்கள் உண்மையில் எவ்வளவு தூங்குகிறார்கள் என்று பொருளியல் ஆய்வாளர்கள் அளந்தார்கள். முடிவு 2021-ல் வெளிவந்தது. படுக்கையில் இருந்தது சுமார் 8 மணி நேரம். தூங்கியதோ ஐந்தரை மணி நேரம்தான்! புழுக்கம், கொசு, தெருச் சத்தம் என்று இரவெல்லாம் விட்டுவிட்டு விழிப்பு. மின்விசிறி, மெத்தை, கண்மறைப்பு, காதடைப்பான் எல்லாம் கொடுத்துப் பார்த்ததில் இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலையிலோ மனநிலையிலோ சொல்லும்படியான மாற்றம் எதுவும் தெரியவில்லை.

பலன் கிடைத்தது வேறொன்றில். மதியம் வேலை செய்யும் இடத்திலேயே அரை மணி நேரம் படுக்க விட்டவர்களுக்கு வேலைத் திறன் கூடியது, கவனம் கூடியது, மனமும் தெளிவாக இருந்தது. வேலை நேரத்தில் அரை மணி குறைந்ததால், அந்த நேரத்திலும் தொடர்ந்து உழைத்தவர்களை விட மொத்த வருமானம் குறைந்தது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

மதியத் தூக்கமான கைலூலா நமக்குப் புதியதல்ல. ஜும்ஆ நாளில் தொழுகை முடிந்த பிறகே பகல் உணவும் கைலூலாவும் என்று நபித்தோழர்கள் இருந்ததை புகாரியில் காண்கிறோம். அனுமதி கேட்டு அறைக்குள் நுழைய வேண்டிய மூன்று நேரங்களை சூரத்துந் நூர் சொல்லும்போது, நண்பகல் ஓய்வும் அதில் ஒன்றாக வருகிறது. சூரத்துர் ரூமின் 23-ஆம் வசனம் இரவுத் தூக்கத்தோடு பகல் தூக்கத்தையும் சேர்த்தே இறைவனின் அத்தாட்சியாகக் கூறுகிறது. லுஹருக்குப் பின் கடையிலேயே சற்றுக் கண்ணயரும் அத்தாவை யாரும் சோம்பேறி என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி கனவு. 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளெய்ட்மேன் என்ற இருவர், உறங்குபவரின் கண்கள் மூடிய இமைக்குள் சில வேளைகளில் வேகமாக அசைவதையும், அப்போது எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொல்வதையும் கண்டறிந்தார்கள். அந்த நேரத்தில் மூளை விழிப்பு நிலைபோல இயங்கும். கை கால்களின் தசைகளோ செயலற்றுக் கிடக்கும். ஏன் இந்தப் பூட்டு? பிரான்சில் மிஷெல் ஜுவே என்ற மருத்துவர், பூனையின் மூளைத்தண்டில் இந்தப் பூட்டைப் போடும் சிறு பகுதியை மட்டும் சிதைத்துப் பார்த்தார். பூனை தூக்கத்திலேயே எழுந்தது, பதுங்கியது, இல்லாத இரையின் மீது பாய்ந்தது. பூட்டு இல்லையென்றால் நாமும் கனவில் ஓடுவதைப் படுக்கையில் ஓடிக் காட்டுவோம்.

நம் வீடுகளில் பலருக்குத் தேவையான விஷயம் இதில் இருக்கிறது. நடு இரவில் விழிப்பு வருகிறது. கை கால் அசையவில்லை, குரல் எழவில்லை, நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது. ஊரில் இதை "அமுக்குவான்" என்பார்கள். நம் வீடுகளில் "ஜின் அமுக்குகிறது" என்று சொல்லி, தாயத்துக்கும் தகட்டுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். ஜின்கள் உண்டு என்பது நம் ஈமானோடு சேர்ந்தது. ஆனால் இங்கே நடப்பது, மூளை விழித்த பிறகும் அந்தத் தசைப் பூட்டு சில நொடிகளோ சில நிமிடங்களோ திறக்காமல் இருப்பதுதான். தூக்கம் கெட்டவர்களுக்கும், நேரம் மாறி மாறித் தூங்குபவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் வரும். உயிருக்கு ஆபத்தில்லை. பயந்து போன பிள்ளையை முதலில் சரியான நேரத்தில் தூங்க வையுங்கள். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கெட்ட கனவுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி எளிமையானது: அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, இடப்புறம் மூன்று முறை இலேசாகத் துப்பி, புரண்டு படுத்து, யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுவது. இதில் காசு செலவே இல்லை. இப்னு ஸீரீன் (ரஹ்) பெயரில் கடைகளில் விற்கும் கனவு விளக்க நூல்களை அவர் எழுதவில்லை என்பதே ஆய்வாளர்களின் கருத்து.

கனவு மனிதருக்கு மட்டுமா? பகலில் வளைவுப் பாதையில் ஓடிய எலியின் மூளையில், அது உறங்கும்போது அதே பாதைக்குரிய செல்கள் அதே வரிசையில் மீண்டும் துடிப்பதை 2001-ல் அமெரிக்காவில் பதிவு செய்தார்கள். பாடக் கற்கும் சிறு குருவி இனம் ஒன்றும் உறக்கத்தில் தன் பாட்டை மூளைக்குள் ஓட்டிப் பார்க்கிறது. இரவில் ஓதிய பாடம் காலையில் நன்றாக நினைவில் நிற்பதாக மதரஸா உஸ்தாதுகள் சொல்வது இங்கே நினைவுக்கு வருகிறது.

தூங்க நேரமே இல்லாத உயிர்கள்கூடத் தூக்கத்தை விடுவதில்லை. டால்ஃபின் மூளையின் ஒரு பாதியைத் தூங்கவிட்டு மறுபாதியால் நீந்துகிறது. கடலுக்கு மேல் நாள்கணக்கில் பறக்கும் ஃபிரிகேட் பறவை, பறந்துகொண்டே நாளுக்குச் சராசரியாக 42 நிமிடம் உறங்குகிறது. அண்டார்டிக்காவில் முட்டையைக் காக்கும் ஒருவகைப் பென்குயின், 4 நொடித் தூக்கமாக ஒரு நாளில் 10,000 தடவைக்கு மேல் தூங்கி, 11 மணி நேரத்தை நிறைத்துக்கொள்வதை 2023-ல் கண்டறிந்தார்கள்.

பென்குயினுக்கு உதவும் அதே 4 நொடி, வண்டி ஓட்டுபவருக்கு எமன். தூக்கம் போதாத மூளை, நம்மைக் கேட்காமலே சில நொடிகள் அணைந்துகொள்ளும். கண் திறந்திருந்தாலும் இது நடக்கும். பௌர்ணமி இரவு முடிந்து திண்டிவனம் சாலையிலோ செங்கம் சாலையிலோ மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 4 நொடி கண்ணயர்ந்தால், ஓட்டுபவர் இல்லாமலே வண்டி ஏறக்குறைய 90 மீட்டர் போய்விடும். ரமளான் இரவுகளில் தராவீஹ் முடித்து, ஸஹரும் செய்துவிட்டு வெளியூர் கிளம்புகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஜன்னலைத் திறப்பதும் பயானைச் சத்தமாக வைப்பதும் மூளையை எழுப்பாது.

தொழுகையில் கண்ணயர்ந்தால் தூக்கம் தெளியும்வரை உறங்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தொழுகைக்கே அப்படியென்றால் ஸ்டியரிங் பிடித்தவருக்குச் சொல்லவே வேண்டாம். கண் இமை கனத்தாலோ, கடந்த ஊரின் பெயர் நினைவுக்கு வராவிட்டாலோ, வண்டியைச் சாலையை விட்டு நன்றாகத் தள்ளி, பெட்ரோல் பங்கிலோ பள்ளிவாசல் வாசலிலோ நிறுத்துங்கள். போனில் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக் கண்ணை மூடுங்கள். வீட்டுக்கு ஒரு போன் செய்து, "கொஞ்சம் தாமதமாகும், தூங்கிவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.