எச்சில் தட்டின் வரலாறு

2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் இமாலயா உணவு வளாகத்தில் சில சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. சைவம் உண்போருக்கு ஒரு வாசல், அசைவம் உண்போருக்கு வேறு வாசல். கை கழுவும் தொட்டியும் தனித்தனி. அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்து மாணவர்கள் அதை வெளியே கொண்டுவந்தார்கள், எதிர்ப்பு கிளம்பியது, சுவரொட்டிகள் அகற்றப்பட்டன. ஒப்பந்ததாரர் தானாகச் செய்துவிட்டார் என்று விளக்கம் வந்தது. தனிச் சமையல் என்றால்கூட ஏதோ புரிகிறது. சாப்பிட்டு முடித்த கைக்கு எதற்கய்யா தனித் தண்ணீர்?

இது புதுச் சரக்கு இல்லை. 1920களில் வ.வே.சு. அய்யரின் சேரன்மாதேவி குருகுலம் காங்கிரஸ் பணம் வாங்கிக்கொண்டே பார்ப்பனச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி போட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தார்கள். ரயில் நிலைய உணவு விடுதிகளில் 'பிராமணாள்', 'இதராள்' என்ற பிரிவு 1941 வரை இருந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் 'பிராமணாள்' பலகைக்கு எதிராகத் திராவிடர் கழகத்தார் நாள்கணக்கில் மறியல் செய்து சிறை போனார்கள்.

ஆனால் இவையெல்லாம் பந்தியின் முன்பக்கத்தில் நடந்த சண்டைகள். யார் யாரோடு உட்காருவது என்பதே அங்கே கேள்வி. பின்பக்கம் இலை எடுத்தவர் யார், மிச்சம் எந்தத் தெருவுக்குப் போனது என்று கேட்டவர்கள் குறைவு. என் பாட்டி கல்யாண வீடுகளில் கொல்லைப்புறம் நின்று, மிஞ்சிய சோற்றை முந்தானையில் வாங்கி வந்தவர். அதைப் பசி என்று மட்டும் சொல்வார், வேறு பெயர் வைக்கமாட்டார்.

பெயர் வைத்தது மனுஸ்மிருதி. உண்டு மீந்த உணவையும் பழைய துணியையும் சூத்திரனுக்குக் கொடு என்று பத்தாம் அத்தியாயத்தில் எழுதிவைத்திருக்கிறது. 1927 மார்ச்சில் மகத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் குளத்து நீருக்கான உரிமையை மட்டும் பேசவில்லை. பிறர் வீசும் எச்சில் உணவை இனி வாங்கக் கூடாது, செத்த மாட்டைத் தின்னக் கூடாது என்றும் நம் மக்களிடம் சொன்னார். பசித்தவனிடம் மிச்சத்தை மறு என்று சொல்வது லேசான காரியமா?

இன்றைய கல்லூரி உணவுக்கூடங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உணவை வீணாக்காதீர் என்ற பலகையை எல்லா இடத்திலும் பார்க்கிறோம், நல்லது. மீந்ததை ஏழைகளுக்குக் கொடுக்கிறோம் என்ற ஏற்பாடுகளும் பெருகிவிட்டன. இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பரிமாறாமல் அண்டாவில் மீந்தது சோறு. அதை நேரத்தோடு, சூட்டோடு, எல்லோரும் சாப்பிடும் மரியாதையில் கொடுத்தால் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. தட்டில் மீந்தது எச்சில். அதற்கு வழி உரமாக்குவதும் எரிவாயு எடுப்பதும்தான். இரண்டையும் ஒரே வாளியில் கொட்டிவிட்டு அதற்குத் தானம் என்று பேர் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உருவாக்கும் நிறுவனம் தன் ஈரக்கழிவைக் கூடியவரை தன் வளாகத்துக்குள்ளேயே பதப்படுத்த வேண்டியிருந்தது. ஆயிரம் பேர் சாப்பிடும் விடுதியில் தலைக்கு 100 கிராம் மீந்தாலே கணக்கு 100 கிலோவைத் தொட்டுவிடும். தரம் பிரிக்காமல் வெளியே அனுப்பிய மயிலாப்பூர், தி.நகர், அடையாறுக் குப்பையெல்லாம் பல பத்தாண்டுகளாகப் பெருங்குடிக்குத்தான் போனது, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல். அங்கே அழுகிய சோற்றுக்கு நடுவே பிளாஸ்டிக் பொறுக்கியவர்கள் எந்தச் சாதி என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா.

அதனால் வளாகத்துக்குள் எரிவாயுக் கலன் வந்தால் நான் வரவேற்பேன். கூடவே ஒன்று கேட்பேன். அந்தக் கலனில் எச்சிலைக் கொட்டுகிறவருக்குக் கையுறை உண்டா, நிரந்தர வேலை உண்டா, மதியம் அவர் எந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்?