புள்ளி, கம்பி, திரை: வடிவியல் அசையத் தொடங்கிய வரலாறு

பேராவூரணிக்குக் கிழக்கே, மல்லிப்பட்டினத்தை அடுத்த சரபேந்திரராஜன்பட்டினத்துக் கடற்கரையில் மனோரா நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக, தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-15ஆம் ஆண்டுகளில் எழுப்பிய எட்டு நிலைக் கட்டடம் அது. அடித்தளம் அறுகோணம். தரையில் எந்த இடத்தில் நின்றாலும் ஆறு முகங்களில் மூன்றுக்கு மேல் கண்ணில் படாது. எஞ்சியவற்றைக் காணச் சுற்றித்தான் வர வேண்டும். கட்டடத்தின் வடிவமே பார்ப்பவரை நடக்க வைக்கிறது, நடக்கும் நேரமும் பார்வையில் சேர்ந்துகொள்கிறது. பல திரைகளை ஓர் அறைக்குள் பரப்பிப் பார்வையாளரை இடையே உலவவிடும் வீடியோ நிறுவல் கலை இதே நியதியில்தான் இயங்குகிறது.

அக்கலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் 1963இல் நாம் ஜூன் பைக் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்து நடத்திய கண்காட்சியிலிருந்து தொடங்குவார்கள். கருவியின் வரலாறு என்ற அளவில் அது சரிதான். ஆனால் கட்டடமும் வடிவியலும் அசைவாக மாறிய வரலாறு அதற்கு மிக முந்தியது. அதன் முக்கியமான சான்றுகள் சில காவிரிப் படுகையில் இருக்கின்றன.

முதற்சான்று தஞ்சைப் பெரிய கோயில். 1010இல் நிறைவுற்ற இக்கோயிலில் கருவறையை இரட்டைச் சுவர் சூழ்ந்துள்ளது. அச்சுவர்களுக்கு இடையே மேல்தளத்தில் ஓடும் சுற்றுநடையில் கரணச் சிற்பங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பரத சாத்திரம் கூறும் 108 கரணங்களில் 81 முடிந்திருக்கின்றன. எஞ்சிய 27க்கான கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. கரணம் என்பது உறைந்த நிலை அன்று, அது ஓர் அசைவின் அலகு என்று நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் தம் ஆய்விலும் ஆட்டத்திலும் நிறுவினார். அதை ஏற்றால், ஒவ்வொரு சிற்பமும் ஓர் அசைவிலிருந்து எடுத்த ஒரு கணம். சதுரமான சுவர், சம இடைவெளியில் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு கணம், அவற்றைக் கோக்க நடப்பவரின் கால்கள் என்ற இந்த ஏற்பாட்டை வெறும் அலங்காரமாகக் கருத எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது சான்று கோலம். நேர்ப்புள்ளியும் ஊடுபுள்ளியும் இட்டு, அவற்றைச் சுற்றிக் கம்பி இழுக்கும் சிக்குக் கோலத்தில் விதிதான் முதலில் இருக்கிறது, உருவம் அதிலிருந்து பிறக்கிறது. எங்கே வளைய வேண்டும், எங்கே குறுக்கே போக வேண்டும், தொடங்கிய இடத்துக்குக் கம்பி எப்படித் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் போடுபவரின் கைக்குத் தெரியும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970களின் தொடக்கத்தில் இதைக் கணினி அறிவியலின் மொழிக்குக் கொண்டுவந்தனர். சொற்களைக் கொண்டு வாக்கியம் அமைப்பதற்கு இலக்கணம் உள்ளதுபோல, படங்களை ஆக்கும் இலக்கணங்களை அவர்கள் வகுத்தார்கள். அணி (array) இலக்கணத்தையும் கோலத்தையும் இணைத்த கட்டுரை 1974இல் வெளியானது. பின்னாளில் ப்ரெமிஸ்லா ப்ருசின்கீவிச், தாவர வளர்ச்சியை விளக்க உருவான எல்-அமைப்புகளைக் கொண்டு கணினித் திரையில் கோலங்களை வரைந்து காட்டினார். வாசலில் பிறந்த விதி இப்படித் திரையை எட்டியது.

சிரோமணி குழுவினர் இயங்கிய ஆண்டுகளை ஒட்டியே பம்பாயில் ஓவியர்கள் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். அக்பர் பதம்ஸீ, தமக்குக் கிடைத்த ஜவஹர்லால் நேரு நிதியுதவியைக் கொண்டு 1969இல் ஒரு பயிலரங்கைத் தொடங்கினார். அங்கே உருவான ‘சிசிஜி’ 11 நிமிடம் ஓடும் கறுப்பு-வெள்ளை ஊமைப்படம். பதம்ஸீ விதிமுறைப்படி வரைந்த ஏறத்தாழ 1,000 கோட்டோவியங்களை ராம் மோகன் அசைவூட்டினார். கதை இல்லை, மனித உருவமும் இல்லை. புள்ளிகளும் கோடுகளும் இணைந்து, பிரிந்து, வலையாகின்றன. கோலத்தின் தாக்கம் பதம்ஸீயிடம் இருந்தது என்று நான் வாதிடவில்லை. விதியை முதலில் வைத்து, அது எதை ஈன்றாலும் ஏற்பது என்ற வழிமுறையில்தான் இரண்டுக்கும் உறவு.

கட்டடக் கலையைத் திரைக்குக் கொண்டுவந்தவர் அப்பயிலரங்கின் ஒரே பெண் கலைஞரான நளினி மலானி. 1946இல் கராச்சியில் பிறந்து, ஜே.ஜே. கலைப் பள்ளியில் பயின்ற அவர், சார்ல்ஸ் கொரியா, பக்மின்ஸ்டர் ஃபுல்லர் ஆகியோரின் கட்டடச் சிந்தனையால் ஈர்க்கப்பட்டு 1969இல் ‘ட்ரீம் ஹவுசஸ்’ என்ற படத்தை எடுத்தார். சிறு கட்டட மாதிரி செய்து, அதன்மேல் வண்ண ஒளி பாய்ச்சி, 8 மி.மீ. கேமராவில் கட்டம் கட்டமாகப் பதிவுசெய்தார். சதுரங்களும் முக்கோணங்களும் நிறம் மாறி ஒளிர்வது, எல்லோருக்கும் நல்ல வீடு கிடைக்கும் என்ற அக்கால நம்பிக்கையின் படம். 1976இல் அதன் பக்கத்திலேயே கறுப்பு-வெள்ளையில் இன்னொரு படத்தை வைத்தார்: பம்பாயின் குடிசைப் பகுதியைப் பார்த்து நிற்கும் ஓர் இளம்பெண். இரண்டும் சேர்ந்து ‘உடோப்பியா’ என்ற இரட்டைத் திரைப் படைப்பாயிற்று. இந்திய வடிவியல் கலையின் முதிர்ச்சி இங்கேதான் நிகழ்ந்தது என்பது என் முடிவு. வடிவம் அழகாக இருந்தால் போதாது, அதற்குள் யார் குடியிருக்கிறார்கள், யாருக்கு இடமில்லை என்ற கேள்வியை அந்த இரண்டாம் திரை எழுப்பிவிட்டது. வீடியோ நிறுவல் என்ற முழு உருவத்துக்கு அவர் பின்னர் வந்தார். 1998இல் உருவான ‘ரிமெம்பரிங் டோபா டேக் சிங்’ அதன் சிறந்த எடுத்துக்காட்டு.

கட்டடத்தின்மேல் வண்ணப் படங்களைப் பாய்ச்சும் ஒளிக்காட்சிகள் இப்போது எங்கும் பெருகியுள்ளன. அவற்றில் பலவற்றுக்குக் கட்டடம் வெறும் வெள்ளைத்துணிதான். அதன் அளவும் மூலையும் படத்தின் போக்கைத் தீர்மானிப்பதில்லை. மனோராவை வைத்து ஒருவர் படைக்க வந்தால், ஆறு முகங்களில் மூன்றே தெரியும் என்ற உண்மையிலிருந்து அவர் தொடங்கட்டும்.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கோலத்தை நாம் முடிந்த உருவமாகவே படம் எடுத்து வைக்கிறோம். கம்பி எங்கே தொடங்கியது, எந்த வரிசையில் போனது என்பது அப்படத்தில் இராது. கலையின் அறிவு அந்த வரிசையில்தான் இருக்கிறது. பேராவூரணி, பட்டுக்கோட்டை வட்டாரக் கல்லூரி மாணவர்கள் வரும் மார்கழியில் மூத்த பெண்களிடம் அனுமதி பெற்று, முதற்புள்ளி முதல் கடைசி வளைவு வரை வெட்டாமல் வீடியோவில் பதிவுசெய்து, கோலத்தின் பெயரும் புள்ளிக் கணக்கும் ஊரும் குறித்து வைக்க வேண்டும்.