மெக்சிகோப் பெண்கள் இறக்கிவைத்த அம்மி

நம் அடுப்படியில் கொச்சிக்காய் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஆனால் அது நம் மண்ணில் பிறந்த காய் அல்ல. போர்த்துக்கேயர் காலத்தில் கடல் தாண்டி வந்தது. அதன் பூர்வீகம் மெக்சிகோப் பக்கம். அந்தக் கொச்சிக்காயை நம் உம்மம்மாமார் அம்மியில் அரைத்தது போல, அந்த நாட்டுப் பெண்களும் ஆயிரக்கணக்கான வருடங்கள் ஒரு கல்லோடு வாழ்ந்தார்கள். அந்தக் கல்லின் கதைதான் இன்றைய பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

அந்தக் கல்லுக்குப் பெயர் மெத்தாத்தே. எரிமலைக் கல்லில் செதுக்கிய, மூன்று கால் வைத்த, சரிவான அம்மி. பெண் அதன் முன்னால் முழங்காலில் இருந்து, இரண்டு கையாலும் குழவியைத் தள்ளித் தள்ளி அரைப்பாள். நமக்குச் சோறு எப்படியோ அப்படி அவர்களுக்குச் சோளம். முதல் நாள் இரவே சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து ஊறவைப்பார்கள். விடியுமுன் எழும்பி, கழுவி, அரைத்து, கையால் தட்டி, மண் ஓட்டில் சுட்டால் தோர்த்தியா ரொட்டி. அந்த மா அடுத்த நாளைக்குத் தாங்காது, புளித்துவிடும். ஆகவே தினமும் அரைக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு அரைக்க நாளொன்றுக்கு 4, 5 மணித்தியாலம் போகும்.

இந்த வேலை தாயிடமிருந்து மகளுக்குப் போனது. ஸ்பானியர் மெக்சிகோவைப் பிடித்துச் சில வருடங்களின் பின், 1540களில் வரையப்பட்ட 'மெந்தோசா ஏடு' என்ற படநூல் இருக்கிறது. அதில் பிள்ளைகளை வயது வயதாக எப்படி வளர்த்தார்கள் என்று படம் போட்டிருக்கிறார்கள். 13 வயதுப் பெண் பிள்ளை மெத்தாத்தேயின் முன் முழங்காலில் இருக்கிறாள். பக்கத்தில் தாய் சொல்லிக் கொடுக்கிறாள். நம் தரம் 8 பிள்ளையின் வயது.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, அறிவு. வெற்றிலைக்குப் போடுகிற அதே சுண்ணாம்பைச் சேர்த்து அவிக்கும்போதுதான் சோளத்தில் உள்ள நியாசின் என்ற உயிர்ச்சத்து உடம்பில் சேரும். ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுபோனார்கள், இந்த முறையைக் கொண்டுபோகவில்லை. பிறகு இத்தாலியிலும் ஸ்பெயினிலும் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா என்ற நோய் பிடித்தது. தோல் வெடித்து, புத்தி கலங்கி, பலர் இறந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மெக்சிகோ உம்மம்மாமார் கைப்பழக்கமாக வைத்திருந்த அறிவு, அங்கே பெரிய வைத்தியர்களிடமும் இருக்கவில்லை.

மற்றது, சுமை. முழங்கால் வலி, முதுகு வலி, பாடசாலைக்குப் போகாத மகள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோளம் அரைக்கும் இயந்திர ஆலைகள் பரவின. பெண்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள், வேலை லேசாக முடிந்திருக்கும் என்றுதான் நினைப்போம். அப்படி நடக்கவில்லை. மெக்சிகோ நகருக்குத் தெற்கே தெபோஸ்த்லான் என்ற ஊர் இருக்கிறது. ஒஸ்கார் லூயிஸ் என்ற மானிடவியலாளர் 1940களில் அந்த ஊரை ஆராய்ந்து 1951இல் ஒரு நூல் வெளியிட்டார். 1920களில் அங்கே முதலில் வந்த ஆலை ஆட்கள் வராமல் மூடப்பட்டது. ஆண்கள் எதிர்த்தார்கள். ஆலை மாவில் ருசி இல்லை என்றார்கள். பெண்களுக்கு நேரம் கிடைத்தால் ஊர்வம்பு பேசுவார்கள், கெட்டுப்போவார்கள் என்றும் பயந்தார்கள். சில வருடங்களில் இன்னொரு ஆலை வந்தது. இம்முறை பெண்கள் விடவில்லை. சோளப் பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். இதை ஆண்களின் அதிகாரத்துக்கு எதிரான பெண்களின் புரட்சி என்றே ஊரில் பேசிக்கொண்டார்கள்.

1934 முதல் 1940 வரை லாசரோ கார்தெனாஸ் ஜனாதிபதியாக இருந்தார். கிராமத்துப் பெண்கள் சங்கம் சங்கமாகக் கூடி, எங்கள் ஊருக்கும் ஒரு ஆலை வேண்டும் என்று அரசுக்கு மனு எழுதினார்கள். பல ஊர்களுக்குக் கிடைத்தது. அதன் பிறகும் சண்டை ஓயவில்லை. பெண்கள் சங்கத்துக்குக் கொடுத்த ஆலையையும் அதன் வருமானத்தையும் சில ஊர்களில் ஆண்கள் கைப்பற்றப் பார்த்தார்கள். ஆனால் மனு எழுதவும், கூட்டம் கூடவும், கணக்கு வைக்கவும் பழகிய பெண்கள் பழையபடி திரும்பிப் போகவில்லை.

எல்லாவற்றையும் ஆலைதான் மாற்றியது என்று சொல்ல முடியாது. 1910இல் தொடங்கிய புரட்சி, 1921இல் உருவான கல்வி அமைச்சு, கிராமங்களுக்குப் போன ஆசிரியைகள் எல்லாம் சேர்ந்துதான் மாற்றின. ஆனால் விடியற்காலை முழுவதும் முழங்காலில் இருக்கும் பிள்ளைக்குப் பாடசாலை எத்தனை பக்கத்தில் இருந்தும் பயனில்லை. மெக்சிகோப் பெண்களுக்கு 1953இல் முழு வாக்குரிமை கிடைத்தது. நம் நாட்டுப் பெண்கள் 1931இலேயே வாக்களித்தார்கள், அதில் நாம் முந்தி. 2024 ஒக்டோபரில் கிளாவுதியா ஷேன்பாவும் அந்த நாட்டின் முதல் பெண் ஜனாதிபதியாகப் பதவியேற்றார்.

தோர்த்தியா அழிந்து போனதா? இல்லை. இன்றும் அதுதான் அவர்களின் சாப்பாடு. சோளத்துக்குச் சுண்ணாம்பு போடும் பழக்கமும் அப்படியே இருக்கிறது. 2010இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் பாரம்பரிய சமையலை மனிதகுலத்தின் மரபுச் சொத்தாக அறிவித்தது. பேத்திமார் அறிவை வைத்துக்கொண்டார்கள், சுமையை இறக்கி வைத்தார்கள். பண்பாடு போய்விடும் என்று பயந்தவர்கள் சொன்னது நடக்கவில்லை.

நம் ஊரிலும் ஒரு பிள்ளை புதிதாக ஒன்றைக் கேட்டால், "இது நம்ம வழக்கம் இல்லையே" என்று உடனே சொல்கிறோம். சொல்லுமுன் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இந்த வழக்கத்தில் எது அறிவு, எது சுமை? அந்தச் சுமை யாருடைய முழங்காலில் இருக்கிறது?

உங்கள் உம்மம்மா, வாப்பும்மாவிடம் உள்ள கைப்பழக்கங்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் என்ன படிக்க ஆசைப்பட்டார்கள், ஏன் முடியவில்லை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கிடைத்த பதில்களைக் கீழே பகிர்ந்தால் என் மாணவிகளுக்கும் வாசித்துக் காட்டுவேன்.