வெடிமருந்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி

மயிலாப்பூரில் காமராஜர் சாலை வழியாகப் போகும்போதெல்லாம் தடய அறிவியல் துறைக் கட்டடத்தை ஒரு நிமிஷம் பார்ப்பேன். 1849-இல் மெட்ராஸில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம்தான் இதற்கு முன்னோடி. ராஜீவ் காந்தி கொலையில் (1991 மே 21) வெடித்த இடுப்புப் பட்டை குண்டை ஆராய்ந்ததும் இத்துறைதான். அதில் இருந்தது ஆர்.டி.எக்ஸ்.

கண்ணுக்கே தெரியாத அளவு வெடிமருந்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தேடினேன். பல வழிகள் உண்டு. அதில் என்னை அசத்தியது ஆன்டிபாடி. ஆமாம், கிருமியைப் பிடிக்க நம் உடம்பு உண்டாக்கும் அதே எதிர்ப்பொருள்தான்.

ஆனால் ஒரு சிக்கல். ஆர்.டி.எக்ஸின் மூலக்கூறு எடை 222, டி.என்.டி 227. ஆன்டிபாடியோ சுமார் 1,50,000. இத்தனூண்டு பொருளை உடம்பு கண்டுகொள்வதே இல்லை. அதனால், அதே வடிவமுள்ள ஒரு மூலக்கூறைப் பெரிய புரதத்தோடு ஒட்டி எலிக்கு ஊசி போடுகிறார்கள். புரதத்தை எதிர்க்கும் உடம்பு, கூடவே வந்ததையும் அடையாளம் பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட சின்னப் பொருளுக்கு 'ஹாப்டன்' என்று பெயர் வைத்தவர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர். ரத்த வகைகளைக் கண்டுபிடித்தாரே, அவரேதான்.

ஒரே மாதிரி ஆன்டிபாடியை வேண்டிய மட்டும் தயாரிக்கும் முறையை கோலரும் மில்ஸ்டீனும் கேம்பிரிட்ஜிலிருந்து வெளியிட்டது 1975 ஆகஸ்ட் 7. எட்டே நாள் கழித்து, அதே இங்கிலாந்தில், பர்மிங்காம் குண்டுவெடிப்பு வழக்கில் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை. வாக்குமூலங்களோடு முக்கியச் சாட்சியாக நின்றது, கையில் நைட்ரோகிளிசரின் இருந்ததாகச் சொன்ன ஒரு ரசாயனச் சோதனை. சீட்டுக்கட்டின் மேல்பூச்சு பட்டாலும் அதே முடிவு வரலாம் என்பது பிறகு தெரிந்தது. அவர்கள் ரயிலில் சீட்டு ஆடியவர்கள்! விடுதலையானது 1991 மார்ச் 14, ஸ்ரீபெரும்புதூருக்கு இரண்டு மாதம் முன்பு.

அப்படியென்றால் ஆன்டிபாடி வந்ததும் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அந்தப் பழைய சோதனையைவிட இது ஆளை நன்றாக அடையாளம் காணும், அவ்வளவுதான். டி.என்.டிக்காகச் செய்த ஆன்டிபாடி, அதன் நெருங்கிய உறவான டிரைநைட்ரோபென்சீனிலும் ஒட்டும். அமெரிக்காவில் மாசுபட்ட மண்ணைச் சோதிக்கும்போதுகூட இதை முதல்கட்டச் சல்லடையாகத்தான் வைத்திருக்கிறார்கள். உறுதி செய்ய, நிறை நிறமாலைமானி போன்ற வேறொரு கருவி வேண்டும்.

பர்மிங்காமில் அந்த இரண்டாவது கருவியும் இருந்தது. பெரும்பாலும் அது எதையும் காட்டவில்லை. இருந்தும் முதல் சோதனையை நம்பியதில் ஆறு பேருக்குப் போனது பதினாறு வருஷம்.